பூச்சியம்

செயற்கைக்கோள் அனுப்பிய படத்தில்
தகான்த் முழுக்கப் பழுப்பு.
ஒரே ஒரு கட்டம் மட்டும்
நகத்தளவு பச்சை.
அதைத் தேடித்தான் நான்கு நாளாக
டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு
மணலில் நீந்துகிறோம், யெரோவும் நானும்.

செப்டம்பரில் ஒரு மழை பெய்தது.
எங்கே என்று
நனைந்த இடத்தைத் தவிர யாருக்கும் தெரியாது.

கத்ரியைக் கேட்டோம். அறுபது ஒட்டகம் அவருக்கு.
நுரை ததும்பத் தேநீர் ஊற்றிக்கொண்டே
'மேற்கே போய்ப் பாருங்கள்' என்றார்.
மேற்கே கல்லும் காற்றும்.
படிவத்தில் வட்டம் போட்டுவிட்டுத் திரும்பினோம்.
அவருடைய ஒட்டகங்களின் கடைவாயில்
பச்சைச் சாறு காய்ந்திருந்தது.
அதைத் துடைக்க அவர் மறந்திருந்தார்.

தடம் பிடித்துக் கிழக்கே போனோம்.
வறண்ட ஓடையை மூடிக்கொண்டு நெருஞ்சி,
மஞ்சள் பூவோடு.
முழங்கை ஆழம் தோண்டினால் ஈரம்.
ஈரமென்றால் முட்டை.

நூறு எட்டு நடக்கவேண்டும்,
காலடியில் தெறிப்பதை எண்ணவேண்டும்.
வேலை இவ்வளவுதான்.

தனியாக இருக்கும்வரை அது
வெறும் தத்துக்கிளி.
தன் செடி, தன் நிழல், தன் கூச்சம்.
மேய இடம் குறுகி
ஒன்றின் பின்னங்கால்மேல் இன்னொன்று
உரச, உரச,
சில மணி நேரத்தில் புத்தி மாறுகிறது.
நிறம் பிறகுதான்.
ஆய்வகத்தில் ஒரு தூரிகையால்
தொடையைத் தடவித் தடவியே
இதை வரவழைத்தார்களாம்.
'தொட்டதற்கா இவ்வளவு கோபம்?' என்றான் யெரோ.
கோபமில்லை என்றேன்.
என்னவென்று எனக்கும் தெரியாது.

நாற்பதாவது எட்டில் முதல் கறுப்பு.
எழுபதில் எண்ணுவதை நிறுத்தினேன்.
யாரோ விசில் ஊதியதுபோல்
எல்லாம் ஒரே திசை பார்த்து
நடந்துகொண்டிருந்தன.

இறகு முளைக்க இன்னும் பதினைந்து நாள்.
முளைத்தால், காற்று தென்மேற்கே.
அந்தப் பக்கம் கயேதி.
கயேதியில் யெரோவின் அண்ணன்
பால் பிடிக்கும் சோளத்தோடு நிற்கிறான்.

அன்றிரவு கத்ரி வந்தார், நடந்தே.
பொய் சொன்னதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.
'மருந்தடித்தால் எத்தனை நாள் மேய்க்கக்கூடாது?'
'மூன்று வாரம்.'
'அதுகளிடம் யார் சொல்வது?'
பக்கத்தில் யெரோ
தண்ணீர் கேனின் மூடியைத் திறந்தான், மூடினான்,
திறந்தான்.

வண்டியில் இரண்டு வகை இருந்தது.
ஒன்று மதியத்துக்குள் கொல்லும்.
மற்றது பூஞ்சை, எண்ணெயில் கலந்தது.
ஒட்டகத்தை ஒன்றும் செய்யாது,
ஆனால் பன்னிரண்டு நாள் கேட்கும்.
பதினைந்தில் பன்னிரண்டு போனால் மூன்று.
அந்த மூன்று நாளின் தலையில்
ஒருவருடைய மேய்ச்சலையும்
ஒருவருடைய சோளத்தையும் ஏற்றிவைத்தேன்.

விடியலில், காற்று எழுமுன்,
ஓடையின் குறுக்கே போய் வந்தோம்,
போய் வந்தோம்.
அதன்பின் நான்கு நாள் யெரோ
வண்டி மட்டும் ஓட்டினான்.

பதினோராம் நாள் நெருஞ்சித் தண்டுகளில்
இளஞ்சிவப்பாய் விறைத்துத் தொங்கின.
காலால் தட்டினால் உதிர்ந்தன.
சில உதிரவில்லை, தத்திப் போயின.
நூறு எட்டுக்கு மூன்று.
ஒன்றையொன்று தொட முடியாத தூரத்தில்.

டிசம்பரில் அண்ணனோடு பேசும்போது
யெரோ ஸ்பீக்கரில் போட்டான்.
சோளம் அறுத்தாயிற்று.
கால்வாசியைக் குருவி தின்றுவிட்டதாம்.
'அந்தப் பாலைவனத்தில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு
என்னதான் செய்கிறாய்?
இங்கே ஒரு பூச்சியைக்கூடக் காணோமே!'
சிரிப்பு கரகரத்தது.
யெரோ என்னைப் பார்த்தான்.
பிறகு குருவிகளைப் பற்றி விசாரித்தான்,
எத்தனை, எந்தப் பக்கமிருந்து என்று.

நான் வருடக் கடைசிப் படிவத்தில்
கயேதிக்கு நேரே வந்திருந்தேன்.
வந்த திரள் எத்தனை என்ற கட்டத்தில்
ஒரு வட்டம் வரைந்தேன்,
மை பரவாதபடி,
மெதுவாக.